எடுப்பு தவறாத வயிறு

நண்டு கழுவத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பையைத் தெரியும். மேலோட்டைப் பிரித்ததும் கண்களுக்குச் சற்றுப் பின்னால், சாம்பலும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று இருக்கும். அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அடுத்த முறை எறிவதற்கு முன் அதைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே பல் இருக்கும். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. வாயுறுப்புகள் இரையைப் பிய்த்து உள்ளே தள்ளுவதோடு சரி, அரைக்கிற வேலையெல்லாம் வயிற்றுக்குத்தான். அரைத்த கூழை அடுத்த அறை வடிகட்டும். முன்னது அம்மி என்றால் பின்னது சல்லடை. இரண்டும் தனித்தனி வேகத்தில் ஓயாமல் அசைகின்றன. அரைவைக்கு ஒரு சுற்று முடியப் பல நொடிகள் ஆகும். சல்லடை நொடிக்கு ஒரு முறைபோல விரிந்து சுருங்கும்.

இந்த இரண்டு அசைவையும் நடத்துபவை வெறும் 25 முதல் 30 நரம்பணுக்கள். வயிற்றின் மேல் ஓடும் ரத்தக் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சிறு நரம்பு முடிச்சு ஒன்றில் அவை இருக்கின்றன. ரத்தம் மேலே புரண்டு ஓட, அதில் வரும் ஹார்மோன்களை நேரடியாக நுகர்ந்துகொண்டே வேலை செய்கிற முடிச்சு. மனித மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றை விட்டுவிட்டு இந்த முப்பதைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகள் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு அணுவுக்கும் பெயர் உண்டு. இந்த நண்டில் பார்த்த அதே அணுவை அடுத்த நண்டிலும் தேடிப் பிடிக்கலாம். இன்னொரு வசதி, முடிச்சை அதன் நரம்புகளோடும் கட்டளை அனுப்பும் அண்டை முடிச்சுகளோடும் சேர்த்து வெட்டியெடுத்து, குளிர்ந்த உப்புநீர்த் தட்டில் குத்தி வைத்தாலும் அது தாளத்தை நிறுத்துவதில்லை. வயிறே இல்லை, இரை இல்லை, அசைய ஒரு தசைகூட இல்லை. ஆனாலும் விரி, சுருங்கு, விரி, சுருங்கு என்று மணிக்கணக்கில் ஆணை போய்க்கொண்டே இருக்கும்.

1960களில் டொனால்டு மேனார்டு இந்த முடிச்சை ஆராயத் தொடங்கினார். பிறகு சான் டியேகோவில் ஆலன் செல்வர்ஸ்டன் தொடர்ந்தார். அவரிடம் மாணவியாக இருந்த ஈவ் மார்டர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். அங்கே தட்டில் கிடப்பது பெரும்பாலும் அட்லாண்டிக் கரையின் ஜோனா நண்டு.

ஆணை எந்த வடிவில் போகிறது? அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால், கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டும். 1920களில் எட்கர் ஏட்ரியன், வானொலிக்காக வந்த வால்வுப் பெருக்கியை நரம்போடு இணைத்தார். 1926இல் சுவீடனிலிருந்து வந்த இங்வே சாட்டர்மனுடன் சேர்ந்து, தவளைத் தசை ஒன்றைச் செதுக்கிச் செதுக்கி, உணர்நரம்பு முனை ஒன்றே ஒன்று மிஞ்சும் நிலைக்குக் கொண்டுவந்தார். தசையை இழுத்தால் நரம்பில் மின்துடிப்புகள் வரிசையாக ஓடின. இன்னும் பலமாக இழுத்தார்கள். துடிப்பின் உயரம் கூடவில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மாறியது எண்ணிக்கை மட்டும்: பலமாக இழுத்தால் நெருக்கமாக வந்தன, மெல்ல இழுத்தால் இடைவெளி விட்டு வந்தன. நரம்புக்கு உரக்கப் பேசத் தெரியாது, அடிக்கடி பேசத்தான் தெரியும்.

இதே ஏட்ரியனைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று. இருட்டறையில் தேரையின் பார்வை நரம்பில் மின்முனையை வைத்து, ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார். காரணமில்லாமல் அவ்வப்போது இரைச்சல் எழுந்தது. இவர் அறையில் நடந்து தேரையின் கண்பார்வைக்குள் வரும்போதெல்லாம் அது அவரைப் பார்த்திருக்கிறது. ஒலிபெருக்கியில் கேட்டது அந்தப் பார்வைதான். இன்றும் நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் ஒலிபெருக்கி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். கண் திரையில் இல்லாதபோதும் காது வேலை செய்யும் என்பதற்காக.

துடிப்பை எண்ணினால் போதும் என்றால் வேலை சுலபம்போலத் தோன்றும். நொடிக்கு எத்தனை என்று எண்ணு, குறித்துக்கொள், முடிந்தது. தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இது சரி. ஆனால் ஏட்ரியனே 1928இல் டெட்லெவ் பிராங்குடன் சேர்ந்து உதரவிதானத்துக்குப் போகும் நரம்பைப் பதிவு செய்தபோது வேறொன்றைக் கண்டார். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் கொத்தாக வந்தன, விடும்போது மௌனம். ஆழமாக மூச்சிழுத்தால் அதே இழை இன்னும் வேகமாகத் துடித்தது, சும்மா இருந்த வேறு இழைகளும் வந்து சேர்ந்துகொண்டன. கொத்து, மௌனம், கொத்து, மௌனம் என்று வருவதை நொடிக்கணக்கால் வகுத்தால் கிடைப்பது மூச்சுமல்ல, மௌனமுமல்ல.

நண்டுக்கு வருவோம். சல்லடை அறையை நடத்துவதில் முக்கியமானவர்கள் மூன்று கூட்டத்தார். பி.டி. என்ற அணுக்கள் இரண்டு, அறையை விரிப்பவை. எல்.பி. ஒன்றே ஒன்று, சுருக்குவது. பி.ஒய். ஐந்துபோல, அவையும் சுருக்குபவை, ஆனால் எல்.பி.க்குப் பிறகு. ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல இவர்களின் முறை வந்து போகிறது. பி.டி., எல்.பி., பி.ஒய்., மறுபடி பி.டி. தாளத்தைப் பிறப்பிப்பது பி.டி.களோடு மின்வழி ஒட்டியிருக்கும் ஏ.பி. என்ற சிற்றணு. இவர்களுக்குள் பரிமாறப்படுவது பெரும்பாலும் 'சும்மா இரு' என்ற ஒரே செய்தி. பி.டி. கூட்டம் துடிக்கும்போது மற்ற இரண்டையும் அடக்கி வைக்கும். அது ஓய்ந்ததும் முதலில் விழித்துக்கொள்வது எல்.பி. சற்றுத் தாமதித்து பி.ஒய். எழும், எழுந்ததும் எல்.பி.யின் வாயை அடைக்கும். ஒருவர் மற்றவரை அடக்கியே இவ்வளவு ஒழுங்கு வந்துவிடுகிறது.

இதைப் பதிவு செய்யும் கருவிகளில் ஒன்று வாசலின். நரம்பைச் சுற்றி வாசலினால் சின்னக் குளம்போல வரப்பு கட்டி, குளத்துக்குள் ஒரு துருப்பிடிக்காத எஃகு ஊசி, வெளியே இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அதைப் பெருக்கி, நொடிக்குப் பத்தாயிரம் முறைபோல அளந்து கணினியில் சேமிக்கிறார்கள். வரப்பு கசிந்தால் பதிவு போயிற்று. எவ்வளவு விலையுள்ள பெருக்கி இருந்தாலும் விரல்நுனி வாசலின்தான் அன்றைய விதியை எழுதும்.

வெளியிலிருந்து ஒரு நரம்பைப் பதிவு செய்யும்போது அதற்குள் ஓடும் எல்லா அணுக்களின் துடிப்பும் ஒரே கோட்டில் கலந்து விழும். நல்லவேளையாக உயரம் வேறுபடுகிறது. வயிற்றின் பக்க நரம்பில் எடுத்த கோட்டில் பொதுவாக எல்.பி.யின் துடிப்பே மிக உயரம், பி.டி. நடுத்தரம், பி.ஒய். குட்டை. ஒவ்வொரு துடிப்புக்கும் அணுவுக்குள் ஒரே உயரம்தான் என்றாலும், வெளியே தெரியும் உயரம் இழையின் பருமனையும் ஊசியின் நெருக்கத்தையும் பொறுத்தது. ஆகவே திரையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் போனால் எல்.பி. என்று கணினிக்குச் சொல்லிவிடலாம். கோட்டைத் தாழ்த்திப் போட்டால் பி.டி.யும் எல்.பி.யாக எண்ணப்படும். உயர்த்திப் போட்டால் எல்.பி.யே விடுபடும். இரண்டு அணுக்கள் ஒரே கணத்தில் துடித்தால் இரண்டு குட்டைகள் சேர்ந்து ஒரு நெட்டையாகத் தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு: பி.டி. என்று எண்ணுவது உண்மையில் இரண்டு அணுக்களின் கூட்டுத்தொகை. ஓர் அணுவின் துடிப்பை ஐயமில்லாமல் எண்ண வேண்டுமானால் தனியாள் எல்.பி.தான் வசதி.

துடிப்புகளைப் பிரித்தாயிற்று. இப்போது அளவுகோல் வேண்டும். கடிகாரத்தின் நொடி நண்டுக்குத் தெரியாது. அதன் அளவுகோல் அதன் சுழற்சியேதான். இங்கே நம் இசைக்காரர்களின் சொற்கள் ஆய்வுக்கூடச் சொற்களைவிடப் பொருத்தமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆதி தாளத்தில் ஒரு சுற்று முடிந்தால் ஓர் ஆவர்த்தனம். தொடங்கும் இடம் சமம். பாட்டு சமத்திலேயே தொடங்கலாம், அரை இடம் தள்ளியோ ஒன்றரை இடம் தள்ளியோ தொடங்கலாம். அந்த இடம் எடுப்பு. பாடகர் காலப்பிரமாணத்தைச் சற்றே தூக்கிவிட்டால் ஆவர்த்தனத்தின் நொடிக்கணக்கு குறையும், எடுப்பு மாறாது. ஒன்றரை இடத்து எடுப்பு ஒன்றரை இடத்திலேயே நிற்கும். நரம்பியலார் கட்டம் என்று சொல்வது இந்த எடுப்பைத்தான்: பி.டி. கொத்தின் முதல் துடிப்பைச் சமமாகக் கொண்டு, அடுத்த பி.டி. கொத்துவரை ஓர் ஆவர்த்தனம் என்று வைத்து, அதில் எத்தனையாவது பங்கில் எல்.பி. தொடங்குகிறது, எத்தனையாவது பங்கில் முடிக்கிறது என்று பார்ப்பது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. குளிர்ந்த தட்டில் ஆவர்த்தனம் 1 நொடி. சமத்திலிருந்து 0.35 நொடி கழித்து எல்.பி. தொடங்கி, 0.25 நொடிக்குள் 6 துடிப்பு துடிக்கிறது. தட்டைச் சூடாக்குகிறோம். ஆவர்த்தனம் அரை நொடியாகிறது. இப்போது எல்.பி. 0.175 நொடியில் தொடங்கி, 0.125 நொடிக்குள் 4 துடிப்பு துடிக்கிறது. எல்.பி. சூட்டில் சுறுசுறுப்பானதா, சோம்பலானதா?

நொடிக்கணக்கு பார்த்தால் 6 இருந்தது 8 ஆகிவிட்டது, சுறுசுறுப்பு. ஆவர்த்தனக் கணக்கு பார்த்தால் 6 இருந்தது 4 ஆகிவிட்டது, சோம்பல். கொத்துக்குள் துடிப்புகளின் நெருக்கம் பார்த்தால், 0.25 நொடியில் ஐந்து இடைவெளி, அதாவது நொடிக்கு 20. இப்போது 0.125 நொடியில் மூன்று இடைவெளி, நொடிக்கு 24. கொஞ்சம் சுறுசுறுப்பு. எடுப்பைப் பார்த்தால் அன்றும் 0.35, இன்றும் 0.35. ஒன்றுமே நடக்கவில்லை! நான்கு விடையும் சரி. 'அணுவின் செயல்பாடு கூடியது' என்று மட்டும் எழுதும் கட்டுரையைப் பார்த்தால், எந்தக் கணக்கில் என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

சராசரி எடுப்பதிலும் பள்ளம் உண்டு. ஆவர்த்தனங்கள் ஒரே நீளத்தில் வருவதில்லை. நூறு ஆவர்த்தனங்களை நொடிக்கணக்கிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சமத்துக்கு அருகில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். தள்ளிப்போகப் போக ஒன்றோடொன்று விலகி, கூர்மையான கொத்தெல்லாம் சாயம் போன துணிபோல மங்கிவிடும். அதனால் ஒவ்வோர் ஆவர்த்தனத்தையும் ஒரே நீளத்துக்கு இழுத்தோ சுருக்கியோ, இருபது பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்கிலும் எத்தனை துடிப்பு என்று கூட்டுகிறார்கள். மங்கலாகத் தெரிந்த கொத்து மறுபடி எழுந்து நிற்கும். எடுப்புகளின் சராசரியும் சாதாரணக் கூட்டல் வகுத்தலில் வராது. இரவு 11 மணிக்கும் பின்னிரவு 1 மணிக்கும் நடுநேரம் என்ன? 23ஐயும் 1ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் நண்பகல் 12 வரும். நடுநிசி என்று குழந்தைக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. சுழலும் அளவுக்குத் தனிக் கணிதம் இருக்கிறது, அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எங்கே சமம் என்பதும் ஆராய்பவர் எடுக்கும் முடிவுதான். பி.டி. கொத்துக்கு முன்னால் ஒற்றைத் துடிப்பு ஒன்று வழி தவறி வந்தால் அதைக் கொத்தின் தொடக்கமாக எண்ணுவதா? எவ்வளவு இடைவெளிக்குள் வந்தால் ஒரே கொத்து, எவ்வளவு மிஞ்சினால் வேறு கொத்து? ஒரு கொத்து கணினியின் கண்ணில் படாமல் போனால் அந்த ஆவர்த்தனம் இரட்டிப்பு நீளமாகிவிடும், அதில் எல்.பி. இரண்டு முறை துடித்ததாகக் கணக்கு வரும். நல்ல ஆய்வாளர்கள் முடிவை நம்புவதற்கு முன் மூலக் கோட்டைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்துவிடுவார்கள்.

நான் மேலே போட்ட சூட்டுக் கணக்கு வெறும் கற்பனை இல்லை, அதன் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஜோனா நண்டு வாழும் அட்லாண்டிக் கரையில் பருவத்துக்குப் பருவம் கடல்நீரின் வெப்பம் வெகுவாக மாறும். நண்டோ குளிர்ரத்தப் பிராணி, கடல் எப்படியோ உடம்பும் அப்படி. மார்டரின் ஆய்வுக்கூடம் 2010இல் வெளியிட்ட ஆய்வில் தட்டின் வெப்பத்தை 7 டிகிரி செல்சியஸிலிருந்து 23 டிகிரிவரை ஏற்றினார்கள். தாளம் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமானது. எடுப்பு அசையவில்லை. பி.டி., எல்.பி., பி.ஒய். மூவரும் ஆவர்த்தனத்தில் தங்களுக்கு உரிய இடத்திலேயே தொடங்கி முடித்தார்கள். இது சாதாரணக் காரியமில்லை. அணுவின் சவ்வில் உள்ள ஒவ்வொரு வகை அயனிக் கதவும் சூட்டுக்குத் தன் போக்கில் எதிர்வினை காட்டும். ஒன்று இரண்டு மடங்கு வேகமாகும், இன்னொன்று மூன்று மடங்கு. இத்தனை முரண்டுகளும் சேர்ந்து உலக்கைகள் மோதாமல் விழுகின்றன. 23க்கு மேலே ஏற்றினால்தான் குழப்பம். எந்த வெப்பத்தில், எப்படிக் குழம்பும் என்பது நண்டுக்கு நண்டு வேறுபடும். குளிர்வித்தால் பழைய தாளம் திரும்பிவிடும்.

இந்த ஆவர்த்தன அளவுகள் இன்னொரு விசித்திரத்தையும் காட்டிக்கொடுத்தன. 2004இல் ஆஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் புக்கர், மார்டர் மூவரும் கணினியில் இந்தச் சிறு வலையின் மாதிரிகளை 2 கோடிக்கு மேல் செய்து பார்த்தார்கள். இணைப்புகளின் வலிமையும் அணுக்களின் உள்ளமைப்பும் ஒவ்வொன்றிலும் வேறு. ஆவர்த்தன நீளம், கொத்து நீளம், எடுப்பு போன்ற, உண்மையான சிங்கி இறால் பதிவுகளிலிருந்து எடுத்த 15 அளவுகளால் அவற்றைச் சலித்தபோது, ஏறத்தாழ 4.5 லட்சம் மாதிரிகள் சல்லடையில் தங்கின. உள்ளே பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அமைப்புகள், வெளியே ஒரே தாளம். ஒரு பாட்டைப் பாட ஒரே தொண்டைதான் வேண்டும் என்றில்லை.

சரி, நாம் எண்ணிய நான்கு கணக்கில் வயிறு எதை எண்ணுகிறது? துடிப்பைப் படிப்பது தசை. அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹூப்பரும் லீ மாரிஸும் 1997இல் முள் சிங்கி இறாலின் இந்த வயிற்றுத் தசைகளை எடுத்து, நரம்பு அனுப்புவதுபோலச் செயற்கைக் கொத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில நிலைகளில் தசை கொத்துக்கு எத்தனை துடிப்பு என்பதற்கு ஏற்பச் சுருங்கியது. வேறு சில நிலைகளில் எத்தனை நெருக்கமாக என்பதற்கு ஏற்பச் சுருங்கியது. ஆகவே நரம்புக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் கணக்குதான் முக்கியம் என்று ஆய்வாளர் தானாக முடிவுசெய்ய முடியாது. தசையைக் கேட்க வேண்டும்.

கேட்டதில் எதிர்பாராத விடை ஒன்று வந்தது. எல்.பி. போன்ற ஓர் அணுவின் துடிப்புகளை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக எழுதி வைத்தால் (மறுபடியும் விளக்கத்துக்கான எண்கள்தான்) 7, 7, 6, 4, 3, 4, 6, 7, 7, 6, 4, 3 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுப்பவர், 'ஐந்தேகாலுக்குச் சற்று மேல், கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். வரிசையாகப் படிப்பவருக்கு அந்த ஏற்ற இறக்கமே ஒரு தாளம் என்று தெரியும். சல்லடையின் விரைவுத் தாளத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல ஏறி இறங்குகிறது. அது பக்கத்து அறையின் அரைவைத் தாளம். இரண்டு அறையின் அணுக்களும் ஒரே முடிச்சுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், அரைவையின் மூச்சு சல்லடையின் எண்ணிக்கையில் படிகிறது.

இந்தத் தசைகளில் சில மிக மந்தமானவை. ஒரு கொத்துக்குச் சுருங்கித் தளர்வதற்குள் அடுத்த கொத்து வந்துவிடும். ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் தனியாக அசைய அதற்கு நேரம் போதாது. ஆனால் கொத்துக்குள் துடிப்புகளின் எண்ணிக்கை பல நொடிகளில் ஏறி இறங்குவதைப் பின்தொடர மட்டும் நேரம் இருக்கிறது. ஹூப்பர் குழு 2000இல் காட்டியது இதைத்தான்: சல்லடை அணுக்களிடமிருந்து மட்டுமே நரம்பு பெறும் தசை, அரைவை அறையின் தாளத்தில் அசைந்தது. தசையை மட்டும் பார்த்திருந்தால் அரைவை நரம்பு ஒன்று அங்கே வருகிறது என்று யாரும் சொல்லியிருப்பார்கள். பிரித்துத் தேடினால் அப்படி ஓர் இழையே அங்கே இல்லை.